ஆற்றங்கரைக் குன்றுகளும் அறவோர் பள்ளிகளும்

தொண்டை நாட்டின் வட, மேற்குப் பகுதிகளை நான்கு ஆறுகள் வளப்படுத்துகின்றன. கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு வேலூர், ஆர்க்காடு, காஞ்சிபுரம் வட்டாரங்களைக் கடந்து வங்கக் கடலைச் சேர்கிறது. வடக்கிலிருந்து வரும் பொன்னையாறு இடைவழியில் அதனுடன் கலக்கிறது. சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு கிழக்கு நோக்கி ஓடி, வேகவதியுடன் சேர்ந்து திருமுக்கூடலில் பாலாற்றில் ஒன்றாகிறது. தெற்கே, செஞ்சிக் குன்றுகளின் மழைநீரைத் திரட்டிக்கொண்டு சங்கராபரணி புதுச்சேரி அருகே கடலில் விழுகிறது.

ஆண்டில் சில மாதங்களே நீரோடும் ஆறுகள் இவை. எஞ்சிய காலமெல்லாம் மணற்பரப்பே கண்ணுக்குத் தெரியும். ஆகவே இந்நாட்டு வேளாண்மை ஆற்றை மட்டும் நம்பி வளரவில்லை. ஆற்று வெள்ளத்தையும் மழைநீரையும் தேக்கிய ஏரிகளை நம்பியே வளர்ந்தது. ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையே, யாரோ கொண்டுவந்து குவித்தாற்போன்ற பாறைக் குன்றுகள் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் பிறந்து வளர்ந்த எந்தச் சமணக் குடும்பத்துக்கும் இக்காட்சி புதிதன்று. வீட்டு வாசலில் நின்று பார்த்தால் ஏதேனும் ஒரு குன்று தெரியும். அதன் உச்சியிலோ அடிவாரத்திலோ ஒரு தீர்த்தங்கரர் திருவுருவமோ ஓர் ஆசாரியரின் திருவடிச் சுவடோ இருக்கும்.

இக்குன்றுகளின் மேலேறிக் காணும் காட்சி அழகியது. அங்கே வாழ்ந்த முனிவர்களும் கீழே வாழ்ந்த ஊராரும் ஒருவரையொருவர் எவ்வாறு தாங்கி நின்றனர் என்பதையும் அக்காட்சியே விளக்குகிறது. குன்று, ஏரி, ஊர் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே அங்குள்ள கல்வெட்டுகளின் பொருளும் முழுமையாக விளங்கும்.

குன்றை நாடியதன் காரணம்

முனிவர்கள் குன்றை நாடியது தனிமைக்காக என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மையே. முற்றிலும் தனிமை வேண்டியிருப்பின் சவ்வாது மலையின் அடர்காடு அருகிலேயே இருந்தது. அவர்கள் பெரிதும் தங்கியது ஊரிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள சிறு குன்றுகளில்தான்.

திகம்பர முனிவரின் ஒழுக்கத்தை எண்ணிப் பார்த்தால் காரணம் புலப்படும். அவர் நாளுக்கு ஒரு வேளை மட்டும், நின்றபடி, இரு கைகளையும் கலமாக ஏந்தி உண்பவர். கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. தமக்கெனச் சமைப்பதும் இல்லை. பருகும் நீரும் அந்த ஒரு வேளையில் சிராவகர் அளிக்கும் காய்ச்சிய நீரே. ஆகவே குன்றின்மேல் வற்றாத சுனை இருந்தாலும் ஊர் அவருக்கு இன்றியமையாதது. வழியிலுள்ள சிற்றுயிர்க்குத் தீங்கு நேராதவாறு நிலத்தை நோக்கி மெல்ல நடந்து ஊருக்குள் வந்து, ஆகாரம் ஏற்று, வெயில் முதிருமுன் மீண்டும் குன்றேற வேண்டும். அதற்கேற்ற தொலைவில் அமைந்த குன்றே பள்ளியாயிற்று.

மழைக்காலச் சாதுர்மாசத்தில் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்க வேண்டியிருந்தது. அப்போது பெரும்பாறைகளின் அடியில் இயற்கையாக அமைந்த குகைகள் உதவின. குகையின் நெற்றியில் காடி வெட்டி மழைநீர் உள்ளே வழியாமல் தடுப்பதும், தரையைச் சமன்செய்து கற்படுக்கை அமைப்பதும் தமிழகச் சமணக் குகைகள் பலவற்றில் காணப்படும் பணிகள். அவற்றைச் செய்வித்தவர்கள் பெரும்பாலும் இல்லறத்தாரே. இந்த உறவின் தடங்களை வடக்கே பொன்னையாற்றிலிருந்து தெற்கே சங்கராபரணி வரை தொடர்ந்து காணலாம்.

பொன்னைக் கரையில் வள்ளிமலை

வேலூர் மாவட்டத்தில், மேற்பாடிக்கு அருகே பொன்னையாற்றுப் பகுதியில் உள்ளது வள்ளிமலை. இன்று முருகன் கோயிலால் பெயர் பெற்ற இம்மலையின் ஒரு பகுதியில் சமணக் குகையும் புடைப்புச் சிற்பங்களும் உள்ளன. கங்க மன்னன் இராசமல்லன் இங்கே ஒரு வசதியை நிறுவினான் என்று கன்னட மொழிக் கல்வெட்டு கூறுகிறது. சிவமாரன், ஸ்ரீபுருஷன், இரணவிக்கிரமன் என அவனுடைய முன்னோர் வரிசையும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிற கல்வெட்டுகள் அச்சணந்தி அடிகளையும், பவணந்தியின் மாணாக்கரும் பாண அரசனின் குருவுமான தேவசேனரையும் குறிக்கின்றன. அச்சணந்தி என்னும் பெயர் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் திருவுருவங்களின் கீழ் காணப்படுகிறது.

கங்கர், பாணர், பல்லவர் ஆகியோரின் ஆட்சி எல்லைகள் உரசிய பகுதி இது. அரசுகள் மாறிய இந்நிலத்தில், மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு ஏரியும் வயலும் ஆற்று மணலும் அன்றுபோல் இன்றும் ஒரே பரப்பாகவே தோன்றுகின்றன.

பாலாற்றுப் பகுதியில் திருப்பான்மலை

ஆர்க்காட்டுக்குத் தெற்கே விளாப்பாக்கம் அருகே உள்ள குன்றை மக்கள் பஞ்சபாண்டவர் மலை என்று அழைக்கின்றனர். கல்வெட்டில் அதன் பெயர் திருப்பான்மலை. ஒருபுறம் தூண்களுடன் குடையப்பட்ட குடைவரை; மறுபுறம் நீர் தேங்கிய இயற்கைக் குகை. நந்திப்போத்தரசரின் 50ஆம் ஆட்சியாண்டில், புகழாலைமங்கலத்தைச் சேர்ந்த நாரணன் என்பவர் நாகநந்தி குரவரோடு பொன்னியக்கியாரின் திருவுருவத்தை இங்கே செதுக்குவித்தார். மன்னர் ஒருவரும் இப்பணியில் தலையிட்டதாக அக்கல்வெட்டு கூறவில்லை. ஓர் ஊரார், ஒரு குரவர், ஓர் இயக்கி ஆகியோரைப் பற்றியே அது பேசுகிறது.

முதலாம் இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே ஒரு குறையையும் அதன் தீர்வையும் பதிவு செய்கிறது. திருப்பான்மலை தேவரின் பள்ளிச்சந்தமான கூரகன்பாடியின் வருவாயில் ஒரு பங்கு, கற்பூரவிலை என்னும் பெயரில் இலாட அரசர்களால் கொள்ளப்பட்டு வந்தது. பள்ளிச்சந்தத்துக்குக் கேடு நேர்வதைக் கண்ட தேவி, தன் கணவன் வீரசோழ இலாடராசனிடம் அதனை நீக்கும்படி வேண்டினாள். அவனும் இசைந்து அவ்வரியைக் கைவிட்டான். ஒரு பெண்ணின் வேண்டுகோளால் ஓர் ஊரின் விளைவு மீண்டும் குன்றைச் சேர்ந்த செய்தி இது.

செய்யாற்றுப் படுகையில் திருமலை

போளூருக்கும் ஆரணிக்கும் இடைப்பட்ட திருமலை, தமிழ்ச் சமணர் நெஞ்சில் தனியிடம் பெற்றது. அர்ஹசுகிரி, எண்குணவிறை திருமலை என்னும் பழம்பெயர்களும் அதற்கு உண்டு. அடிவாரத்தில் இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்த ஸ்ரீகுந்தவை ஜினாலயமும், பாறையை ஒட்டிய அறைகளில் ஓவியங்களும் உள்ளன. படியேறிச் சென்றால் மலைப்பாறையிலேயே செதுக்கிய, 16 அடிக்கும் மேல் உயர்ந்த நேமிநாதர் நின்ற திருக்கோலத்தில் காட்சி தருகிறார். சிகாமணிநாதர் என்று வழிபடப்படும் இவரே தமிழகத்தின் மிக உயரமான தீர்த்தங்கரர் திருமேனி. உச்சியிலிருந்து மேற்கே சவ்வாது மலைத்தொடரும், ஏனைய திசைகளில் ஏரிகளும் நெல்வயல்களும் தோன்றும்.

இவ்வயல்களுக்கும் குன்றுக்கும் உள்ள தொடர்பை மூன்று கல்வெட்டுகள் எடுத்துரைக்கின்றன.

முதலாவது, இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. 1005-06. குணவீர மாமுனிவர் என்பவர் இங்கே ஒரு கலிங்கு அமைத்தார். அதற்குத் தம் பெயரை இடாமல் கணிசேகர மருபொற்சூரியன் என்னும் ஆசிரியரின் பெயரை இட்டார். வைகைமலையின் இருபுறமும் நெல் விளைந்ததையும் அக்கல்வெட்டு குறிப்பிடுகிறது. ஏரியின் மிகைநீர் கரையை உடைக்காமல் முறையாக வெளியேற அமைவதே கலிங்கு. உடைமை ஏதுமற்ற முனிவர் ஒருவர், உழவரின் ஏரி காக்கும் பணிக்குக் காரணமானார். கரை உடைந்தால் அழிவது நெல் மட்டுமன்று. வெள்ளத்தில் மடியும் உயிர்கள் எண்ணிலடங்கா. அந்தக் கலிங்கு அகிம்சை நெறியின் ஒரு செயல்வடிவம் என்று கொள்வதில் பிழையில்லை.

இரண்டாவது, இராசேந்திர சோழனின் புகழ்பெற்ற கல்வெட்டு. அதன் முற்பகுதி வங்காள தேசம் முதலான வடநாடுகளை அவன் வென்றதையும் கங்கையையும் விரித்துரைக்கிறது. வரலாற்று நூல்கள் அப்பகுதியையே மிகுதியாக எடுத்தாள்கின்றன. ஆனால் அத்தனை வெற்றிகளையும் முன்னிறுத்திக் கல்வெட்டு கடைசியில் சொல்ல வந்தது ஒரு விளக்கைப் பற்றி. பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, வைகாவூர்த் திருமலையின் ஸ்ரீகுந்தவை ஜினாலயத்துக்கு நந்தாவிளக்கு எரிக்க 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் அளித்தாள். பேரரசனின் படையெடுப்புக்கும் வணிகர் வீட்டுப் பெண்ணின் கொடைக்கும் ஒரே பாறையில் இடம் கிடைத்திருக்கிறது.

மூன்றாவது, தகடூர் அதியமான் மரபினனான விடுகாதழகிய பெருமாளின் கல்வெட்டு. சேர மரபைச் சேர்ந்த எழினி முன்னொரு காலத்தில் இம்மலையில் அமைத்த இயக்கன், இயக்கி திருவுருவங்கள் பழுதுற்றிருந்தன. விடுகாதழகியான் அவற்றைச் சீர்செய்து, ஒரு சேகண்டியையும் வழங்கி, வாய்க்கால் ஒன்றையும் அளித்தான். முன்னோன் ஒருவனின் அறப்பணி சிதைந்தபோது, வழித்தோன்றல் தன் பெயரால் புதிதொன்று எழுப்பாமல் பழையதைப் புதுக்கினான். குணவீரரின் கலிங்கும் இவனுடைய வாய்க்காலும் ஒரே மலையில் பதிவாகியிருப்பது, இங்கே நீரும் வழிபாடும் பிரிக்கப்படாதிருந்தமைக்குச் சான்று.

சீயமங்கலமும் விடாலும்

திருமலைக்குக் கிழக்கே, வந்தவாசி வட்டாரத்தில் தேசூருக்கு அருகே சீயமங்கலம் உள்ளது. அங்கே மகேந்திரவர்மன் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் என்னும் சிவன் கோயில் ஒரு பாறையில் இருக்க, அருகிலுள்ள குன்றில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி திருவுருவங்கள் அமைந்துள்ளன. கங்க மன்னன் இராசமல்லன் காலத்தில், சக ஆண்டு 815இல், அதாவது கி.பி. 892-93இல், நந்தி சங்கத்து அருங்கலான்வயத்தைச் சார்ந்து இங்கே பள்ளிகள் எழுந்தன. பின்னர் குணவீரரின் மாணாக்கரான வஜ்ரநந்தி யோகீந்திரர் குன்றேறப் படிகள் அமைத்ததை மற்றொரு கல்வெட்டு கூறுகிறது. முனிவர்க்குப் படி தேவையில்லை. முதியோரும் மகளிரும் குழந்தைகளும் மேலேறி வணங்கவே படிகள் தேவைப்பட்டன.

வந்தவாசி வட்டத்தின் இன்னொரு குன்று வேடல். கல்வெட்டு அதனை விடால் என்றும் மாதேவி ஆராந்திமங்கலம் என்றும் அழைக்கிறது. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில் இங்கே ஒரு பூசல் எழுந்தது. குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியாரின் பள்ளியில், 500 மாணாக்கியரையும் 400 தவப்பெண்டிரையும் பற்றிய ஒரு வேறுபாடு முற்றியது. அப்போது அவ்வூர் நாட்டார் முன்வந்து, கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றனர்.

இயற்கைக் குகைகள் இரண்டே கொண்ட ஒரு சிறு குன்றைச் சூழ்ந்து, பெண் ஆசிரியர் ஒருவரின் தலைமையில், நூற்றுக்கணக்கான பெண்கள் கற்றும் தவம் புரிந்தும் வாழ்ந்தனர் என்பதை இக்கல்வெட்டு நிறுவுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ் மண்ணில் பெண்கல்விக்கு இருந்த இடத்தை அறிய விரும்புவோர் முதலில் ஏற வேண்டிய குன்று இது. அத்தனை பேருக்கும் ஒரு வேளை உணவளிக்க எத்தனை வயல் விளைந்திருக்க வேண்டும், எத்தனை வீட்டில் அடுப்பெரிந்திருக்க வேண்டும் என்பதைக் குன்றின்மேல் நின்று கீழே பார்த்தால் உணரலாம்.

பொன்னூர்மலை

வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர்மலை, குந்தகுந்தர் என்று உலகம் போற்றும் ஏலாசாரியர் தவமிருந்த இடமாகத் தமிழ்ச் சமண மரபில் வழிபடப்படுகிறது. நீலகிரி என்பது இதன் மற்றொரு பெயர். உச்சியில் ஆசாரியரின் திருவடிச் சுவடுகள் உள்ளன. திருக்குறளை இயற்றியவர் இவரே என்னும் நம்பிக்கையும் சமூகத்தில் வேரூன்றியது.

பொன்னூரில் உள்ள 18ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, ஏலாசாரியர் வழிபாட்டின்போது பார்சுவநாதர், ஜ்வாலாமாலினி திருவுருவங்களை ஞாயிறுதோறும் மலைக்கு எழுந்தருளச் செய்யும் ஏற்பாட்டைக் கூறுகிறது. முற்காலத்தில் முனிவர் குன்றிலிருந்து ஊருக்கு இறங்கி வந்தார். முனிவர் இல்லாத காலத்தில் ஊரார் வாரந்தோறும் குன்றை நோக்கி நடந்தனர். நடப்பவர் மாறினாலும் ஊருக்கும் குன்றுக்கும் இடையிலிருந்த வழி புல் மூடிப் போகவில்லை.

சங்கராபரணி நாட்டில் திருநாதர்குன்று

பாலாற்றுப் படுகையை விட்டுத் தெற்கே சென்றால் செஞ்சி. கோட்டை அமைந்த குன்றுகளைக் காணப் பலரும் வருகின்றனர். ஊருக்கு வடக்கே சிறுகடம்பூரை ஒட்டியுள்ள திருநாதர்குன்றுக்கு வருவோர் மிகச் சிலர். அங்கே ஒரே பாறையில், வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசைகளில் 24 தீர்த்தங்கரரும் அமர்ந்துள்ளனர். இத்தகைய ஒழுங்குடன் இருபத்து நால்வரையும் ஒருசேரக் காட்டும் பாறைச் சிற்பம் தமிழகத்தில் அரிது.

அருகிலேயே சந்திரநந்தி ஆசிரிகரின் நிசீதிகை உள்ளது. அவர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்தார் என்று அக்கல்வெட்டு சுருக்கமாகக் கூறுகிறது. இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து உயிர் நீத்ததை இங்குள்ள மற்றொரு கல்வெட்டு தெரிவிக்கிறது. சந்திரநந்தியின் கல்வெட்டு, தமிழ் எழுத்து வளர்ச்சியை ஆராய்வோர்க்கு ‘ஐ’ என்னும் எழுத்தின் பழைய வடிவத்தைக் காட்டும் அரிய சான்றாகவும் விளங்குகிறது.

சல்லேகனை மேற்கொண்டவர் படிப்படியாக உணவையும், பின் நீரையும் துறக்கிறார். குன்றின்மேல் கிடந்த அந்த நாள்களில் சந்திரநந்தியின் கண்முன் இருந்தது இதே வயற்பரப்புதான். வாழ்நாளெல்லாம் தமக்கு உணவளித்த ஊர்களைப் பார்த்தவாறே அவர் உணவைத் துறந்தார். நாள்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கல்லில் பொறித்தவர்கள் அந்த ஊர்களின் மக்களாகவோ உடனுறைந்த மாணாக்கராகவோ இருந்திருக்க வேண்டும். 57 என்னும் அந்த எண்ணிக்கையில் அவர்களின் கவலையும் பணிவிடையும் அடங்கியுள்ளன.

பெயரும் நினைவும்

இன்று இக்குன்றுகளை இரு வகை இடர்கள் சூழ்ந்துள்ளன. ஒன்று வெளிப்படையானது. கட்டுமானத்துக்காகவும் ஏற்றுமதிக்காகவும் வடமாவட்டங்களின் குன்றுகள் உடைக்கப்படுகின்றன. ஆற்று மணல் அள்ளப்படுகிறது. பாலாறு ஆலைக் கழிவால் பல இடங்களில் கெட்டுள்ளது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள குன்றுகளிலும் வண்ணத்தால் பெயர் எழுதுவோரையும், புதையல் தேடித் தோண்டுவோரையும் முற்றாகத் தடுக்க இயலவில்லை.

மற்றொன்று, ஓசையின்றி நிகழ்வது. திருப்பான்மலை பஞ்சபாண்டவர் மலை ஆன வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே கல்வெட்டு அழியவில்லை, பாறையும் உடைபடவில்லை. அதன் பெயரைச் சொல்லித் தரும் குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் குறைந்தன. பெயர் அறியாத மக்கள், குகையைக் கண்டு தமக்குத் தெரிந்த கதையை அதற்கு உரிமையாக்கினர். அவர்கள்மீது குறை காண இடமில்லை. தமிழகத்தின் எத்தனையோ சமணப் பள்ளிகள் பாண்டவர் படுக்கை என்றே வழங்குவதற்கும் இதுவே காரணம். இதற்கு மாறாக, பொன்னூர்மலையும் திருமலையும் தம் பெயரை இழக்கவில்லை. அங்கே வழிபடுவோர் இடைவிடாது சென்றுவந்தனர். பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர்.

தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல இன்று கல்வி, தொழில் பொருட்டுச் சென்னையிலும் வெளிமாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்கின்றன. நிலத்தை விற்றோ குத்தகைக்கு விட்டோ சென்றவர்களின் பிள்ளைகள், பெரும்பாலும் திருவிழா நாளில் மட்டுமே ஊரைக் காண்கின்றனர். அப்பிள்ளைகளுக்கு வேடல் வெறும் பாறையாகவும் திருநாதர்குன்று செஞ்சி செல்லும் வழியிலுள்ள மேடாகவும் தோன்றிவிட்டால், இன்னும் இரு தலைமுறையில் அக்குன்றுகளும் வேறு பெயர் பெற்றுவிடும்.

இதனைத் தடுக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. மழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களின் காலைப்பொழுது குன்றேற உகந்தது. விழாவுக்கு ஊர் வரும் குடும்பங்கள் ஒரு நாளை அதற்கென ஒதுக்கலாம். திருவுருவங்களின்மேல் எண்ணெயோ வண்ணமோ பூசாமல், பாறையில் ஒன்றும் எழுதாமல், கொண்டுசென்ற குப்பையைத் திரும்ப எடுத்துவருதல் வேண்டும். அந்தக் குன்றுக்குரிய ஒரு கல்வெட்டின் செய்தியையாவது முன்னரே அறிந்து சென்று, மேலே அமர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வேடலில் கனகவீரக் குரத்தியாரையும், திருப்பான்மலையில் இலாடராசனின் தேவியையும், திருநாதர்குன்றில் அந்த 57 நாள்களையும் சொல்லலாம்.

திருமலையின் உச்சியில் நிற்கும்போது, குணவீர மாமுனிவர் அமைத்த கலிங்கைப் பற்றிச் சொல்லி, கீழே தெரியும் ஏரிக்கரையை அப்பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டலாம். அந்த நீரில் விளைந்த நெல்லே முனிவர் கையில் ஆகாரமாயிற்று என்பதை அவர்கள் அங்கே நின்று கண்ணால் கண்டறிவார்கள். அடுத்த முறை யாரேனும் அந்த மலையின் பெயரைக் கேட்டால், விடை சொல்ல ஒரு பிள்ளை இருக்கும்.